மின் சிகரெட்டும் இளைய தலைமுறையும்

புகையிலையை எரித்து அதன் புகையை உள்ளிழுக்கும் வழக்கத்திலிருந்து மனிதரை மீட்பதற்கென்று உருவாக்கப்பட்ட ஒரு கருவி, புகையிலையைத் தொட்டும் அறியாத பள்ளிப் பிள்ளைகளை அதே நிகோடினுக்கு அடிமையாக்கும் கருவியாகப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாறிவிட்டது என்பது, இந்த நூற்றாண்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் மிகுந்த கவலையோடு ஆராயத்தக்க விஷயங்களுள் ஒன்றாகும். மின் சிகரெட் என்றும் வேப் என்றும் வழங்கும் இக்கருவியைக் குறித்து நேர்மாறான இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. சிகரெட்டைவிட இது தீங்கு குறைந்தது என்று இங்கிலாந்தின் மருத்துவ அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இது முற்றிலும் விலக்கப்பட வேண்டிய பொருள் என்று இந்திய அரசாங்கம் சட்டமே இயற்றியிருக்கிறது. இரு தரப்பாரும் கற்றவர்கள். இரு தரப்பாரும் ஆதாரங்களைக் காட்டுகிறார்கள். அப்படியிருக்க, சாமானிய வாசகர் எதை நம்புவது?

இக்கட்டுரையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். முப்பது ஆண்டு புகைத்துப் பழகிய ஒருவரும், ஒருநாளும் புகைத்தறியாத பதினைந்து வயதுச் சிறுவனும் இந்தக் கருவியைக் கையில் எடுக்கும்போது, அவ்விருவர் முன்னும் நிற்கும் கேள்வி ஒன்றே அன்று. முன்னவரைப் பொறுத்தவரை இதைச் சிகரெட்டோடு ஒப்பிட வேண்டும். பின்னவனைப் பொறுத்தவரை இதைத் தூய காற்றோடு ஒப்பிட வேண்டும். இந்த வேற்றுமையைக் கருதாமையால்தான் வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன. இந்த வேற்றுமையை ஜனங்கள் மறந்திருப்பதுதான் வியாபாரிகளுக்கும் லாபமாக இருக்கிறது.

கருவியும் அதன் பூர்வ கதையும்

புகையில்லாமல் புகைக்கும் சிகரெட் என்ற கருத்து புதியதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-ஆம் ஆண்டிலேயே அத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1965-இல் உரிமையும் கிடைத்தது. ஆனால் அதைச் செய்து விற்க எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வகையைத் தோற்றுவித்தவர் சீன தேசத்து மருந்தியலாளரான ஹோன் லிக். அவர் தாமே கடும் புகைப்பழக்கம் உடையவர். அவருடைய தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். புகையினால் விளையும் நாசத்தைத் தவிர்த்து, நிகோடினை மட்டும் உடலுக்குக் கொடுக்கும் வழி உண்டா என்று எண்ணிய அவர், 2003-ஆம் ஆண்டில் தம் கருவிக்கு உருவம் கொடுத்தார். அந்த எண்ணத்தில் கருணை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு மின்கலம், ஒரு சிறு கம்பிச் சுருள், அதைத் தொட்டு நிற்கும் பஞ்சுத் திரி, திரியை நனைக்கும் திரவம் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் வேப். வாயில் வைத்து இழுக்கும்போது மின்சாரம் பாய்ந்து சுருள் காய்கிறது. திரவம் நுண்துளிகளாக மாறி, பனிமூட்டம் போன்ற தோற்றத்தோடு நெஞ்சுக்குள் இறங்குகிறது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பொருள்களே திரவத்தின் பெரும்பகுதி. அவற்றோடு நிகோடினும், மாம்பழம், புதினா முதலியவற்றின் சுவையை நினைவூட்டும் வாசனைச் சரக்குகளும் கலந்திருக்கும். எதுவும் எரிவதில்லை, ஆதலால் சிகரெட்டுப் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்ஸைடும் இதில் இல்லை. இக்கருவிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் அனைத்துக்கும் இதுவே அஸ்திவாரம். அந்த அளவில் இது உண்மையான அஸ்திவாரமே.

ஆயினும், அபாயம் நீங்கிய புகை என்ற வாக்குறுதி புகையிலை வியாபாரத்தின் சரித்திரத்தில் முதன்முறையாகக் கேட்கப்பட்டதன்று என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1950-ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிட்டு ஜனங்கள் திகிலடைந்தபோது, கம்பெனிகள் வடிகட்டி பொருத்திய சிகரெட்டுகளைக் கொண்டுவந்து, இனி அச்சம் வேண்டாம் என்று விளம்பரம் செய்தன. 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்த கென்ட் என்ற சிகரெட்டின் வடிகட்டியில், நுரையீரலுக்குக் கொடிய விஷமான கல்நார் இருந்தது. 1956 வரையில் அது அப்படியே விற்கப்பட்டது. அதன் பின்னர் ‘லைட்’ சிகரெட்டுகள் வந்தன. அவற்றைப் புகைத்தவர்கள், குறைந்த நிகோடினை ஈடுகட்ட ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தார்கள், நோய் குறையவில்லை. வடிகட்டியாயினும் லைட்டாயினும், விட்டுவிட எண்ணியவரை விடாமல் நிறுத்திவைத்ததுதான் அவற்றால் கிடைத்த பலன். இந்த முன்னனுபவம் உள்ள உலகம், அடுத்த வாக்குறுதியைக் கேட்கும்போது நிதானமாக ஆதாரம் கேட்பது நியாயமே.

நிகோடின் செய்யும் வேலை

நிகோடின் என்பது புகையிலைச் செடி தன்னைத் தின்னவரும் பூச்சிகளிலிருந்து காத்துக்கொள்வதற்காகத் தன் இலைகளில் சேர்த்துவைக்கும் விஷம். 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். வயல்களில் பூச்சிக்கொல்லியாகவும் அது நெடுங்காலம் பயன்பட்டது. அத்தகைய பொருள் மனிதனை வசப்படுத்தும் விதம் விசித்திரமானது. நமது மூளையில் அசிட்டைல்கோலின் என்ற இயற்கைப் பொருளுக்கென்று அமைந்த ஏற்பிகள் உண்டு. அவற்றில் நிகோடின் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. நுரையீரலின் வழியாக இரத்தத்தில் கலந்த நிகோடின், பத்து இருபது வினாடிகளுக்குள் மூளையை அடைந்து, மகிழ்ச்சியையும் நாட்டத்தையும் ஆளும் பகுதியில் டோபமின் சுரக்கச் செய்கிறது. பசித்தவன் உண்ணும்போதும், உழைத்தவன் வெற்றி காணும்போதும் இயற்கை கொடுக்கும் அதே வெகுமதியை, உழைப்பும் இல்லாமல் பசியும் இல்லாமல் ஓர் இழுப்பில் கொடுத்துவிடுகிறது இப்பொருள்.

வெகுமதி கிடைத்ததோடு விஷயம் முடிவதில்லை. ஓயாமல் தூண்டப்படும் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மூளை அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், பெருகிய ஏற்பிகள் மறுபடி மறுபடி அதைக் கேட்கின்றன. எரிச்சல், மனக்கலக்கம், கவனம் நில்லாமை, தூக்கமின்மை ஆகியவை தலைகாட்டுகின்றன. ஓர் இழுப்பு இழுத்தவுடன் மறைகின்றன. மன அமைதிக்காகவே இழுக்கிறேன் என்று இளைஞர் பலர் மனப்பூர்வமாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தணித்துக்கொள்ளும் அமைதியின்மையில் பெரும்பங்கு, முந்திய இழுப்பு விட்டுச்சென்றதே ஆகும். இந்தச் சுழலைத்தான் வைத்திய சாஸ்திரம் அடிமைத்தனம் என்று சொல்கிறது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கை, இந்த அடிமைத்தனம் ஹெராயின், கொக்கெயின் ஆகியவற்றின் அடிமைத்தனத்துக்கு ஒப்பான இயல்புடையது என்று நிர்ணயித்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும், 1994-இல், அமெரிக்காவின் ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் சட்டசபைக் குழுவின் முன்பு நின்று, நிகோடின் அடிமைப்படுத்தும் பொருளன்று என்றே சத்தியம் செய்து சொன்னார்கள்.

வளரும் பருவத்து மூளையில் இந்த விஷம் இன்னும் ஆழமாக வேர் பிடிக்கிறது. மனித மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரையில் வளர்ச்சி பெறுகிறது. பின்விளைவைச் சீர்தூக்கி ஆசையை அடக்கும் முன்புறப் பகுதி கடைசியாகவே முதிர்ச்சி அடைகிறது. இன்பத்தை நாடும் பகுதி முழுவேகத்தில் இயங்க, அதற்குக் கடிவாளம் இடவேண்டிய பகுதி இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் அந்த வயதில் நிகோடின் நுழைந்தால், அடிமைத்தனம் விரைவில் ஏற்படுகிறது. கவனம், கற்றல், மனநிலை ஆகியவற்றை ஆளும் நரம்பு இணைப்புகளும் பாதிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் நாள்தோறும் புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பதினெட்டு வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். புகையைத் தொடாமல் பதின்பருவத்தைக் கடந்தவர் பிற்காலத்தில் தொடுவது அரிது. ஆகவே, நிகோடினை விற்கும் வியாபாரம் நிலைத்திருக்க வேண்டுமானால், அதற்கு இளைஞர் வேண்டும்.

இயற்கை இந்த விஷத்துக்கு ஒரு காவல் வைத்திருந்தது. இயல்பான காரநிலையில் உள்ள நிகோடின் தொண்டையைக் கடுமையாக எரிக்கும்; முதல் இழுப்பிலேயே இருமலும் குமட்டலும் வந்து, புதியவர் பலரைத் திருப்பி அனுப்பிவிடும். ஆரம்பகால மின் சிகரெட்டுகளில் நிகோடினின் அளவு குறைவாகவே இருந்ததற்கு இந்த எரிச்சல் ஒரு காரணம். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஜூல் என்ற கருவி இந்தக் காவலை நீக்கிவிட்டது. நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து அதை உப்பாக மாற்றினால், எரிச்சல் தணிந்து, செறிவு மிகுந்த நிகோடினும் சுகமாக உள்ளிறங்குகிறது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாயின் உபாயம், இங்கே விஷத்தைக் கொடுப்பதற்குப் பயன்பட்டது. விரலளவு உள்ள அக்கருவியில் செருகும் ஒரு சிமிழில், எடையில் 5 சதவிகிதம் நிகோடின். ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று கம்பெனியே சொல்லிற்று.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சிகரெட் எரிந்து முடிந்துவிடும்; அடுத்ததைப் பற்றவைக்க வேண்டுமானால் வெளியே போகவேண்டும், நெருப்பு வேண்டும், நாற்றம் காட்டிக்கொடுக்கும். வேப்புக்கு இத்தகைய முற்றுப்புள்ளி எதுவும் இல்லை. படுக்கையிலும், கழிவறையிலும், வகுப்பின் கடைசி வரிசையிலும், சட்டைக் கைக்குள் மறைத்து, விழித்த நேரம் முதல் உறங்கும் நேரம் வரை சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே இருக்கலாம். எத்தனை உட்கொண்டோம் என்ற கணக்கு பழகியவருக்கே தெரிவதில்லை.

தேகத்துக்கு நேரும் கேடு

அடிமைத்தனம் ஒருபுறம் இருக்க, உடலுக்கு நேரும் கேடுகளையும் நிதானமாகப் பார்ப்போம். திரவத்தில் உள்ள கிளைக்காலும் கிளிசரினும் தின்பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்க்கப்படுபவை; ஆகையால் அவை தீங்கற்றவை என்று வியாபாரிகள் சொல்வார்கள். ஆனால் வயிறு வேறு, நுரையீரல் வேறு. உண்டதைச் செரித்து, வேண்டாததைக் கழித்து, விஷத்தை ஈரலிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு உணவுப் பாதைக்கு உண்டு. காற்றுக்கென்றே அமைந்த மெல்லிய நுண்ணறைகளுக்கு அது இல்லை. மேலும், இப்பொருள்கள் சூடாகும்போது மாறாமல் இருப்பதில்லை. பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் என்ற நச்சுப்பொருள்கள் அவற்றிலிருந்து பிறக்கின்றன. இவற்றில் முதலாவது புற்றுநோய் உண்டாக்குவது என்று ஐயமின்றி அறியப்பட்டது. மூன்றாவது நுரையீரலை அரிப்பது. சுருள் அதிகமாகக் காயக் காய, இவற்றின் அளவும் ஏறுகிறது. சுருளின் உலோகத்திலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவையும் நுண்துளிகளோடு சேர்ந்து உட்செல்கின்றன.

வாசனைச் சரக்குகளின் கதை தனியே சொல்லத்தக்கது. வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைல் என்ற பொருள் தின்பதற்குத் தீங்கற்றதாகவே கருதப்பட்டது. 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் ஒரு சோளப்பொரித் தொழிற்சாலையில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு, நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டுப்போகும் மீளாத வியாதி கண்டுபிடிக்கப்பட்டது. அதே பொருள் மின் சிகரெட்டுத் திரவங்கள் பலவற்றிலும் இருந்ததைப் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டார்கள். இலவங்கப்பட்டை மணத்துக்குரிய பொருளோ, மூச்சுக்குழலில் படியும் அழுக்கை மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவைத் தடுக்கிறது. உண்ணத்தக்கது என்று சான்று பெற்ற எந்தச் சரக்கும், சுவாசிக்கத்தக்கது என்ற சான்றைப் பெற்றதாகிவிடாது.

இந்த உண்மையைப் பிரத்தியட்சமாகக் காட்டிய துயர நிகழ்ச்சி 2019-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டின் கோடையில் அமெரிக்காவின் விஸ்கான்சின், இலினாய் மாகாணங்களில், திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத்திணறலோடும் காய்ச்சலோடும் வாந்தியோடும் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரிக்குள் அவ்வாறு நோயுற்றோரின் தொகை 2,807. மாண்டவர் 68 பேர். அவர்களுடைய நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதித்ததில், 51 நோயாளிகளில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள் காணப்பட்டது. கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சத்துத் திரவங்களைக் கெட்டிப்படுத்துவதற்காக அது சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே, அந்தச் சாவுகளை வழக்கமான நிகோடின் திரவத்தின்மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் எல்லா வகைக்கும் பொருந்தும். தோலில் பூசினாலும், மாத்திரையாக விழுங்கினாலும் துன்பம் செய்யாத ஒரு சத்து, நெஞ்சுக்குள் ஆவியாகப் போனபோது உயிரைக் குடித்தது.

இருதயமும் இதற்கு விலக்கன்று. நிகோடின் நாடித் துடிப்பை விரைவாக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சியைக் குறைக்கிறது. கர்ப்பிணி உட்கொண்ட நிகோடின் நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து, அதன் மூளையையும் நுரையீரலையும் பாதிக்கிறது. நிகோடின் திரவத்தைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவியின் லித்தியம் மின்கலம் வெடித்துத் தீப்புண் பட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் உயிரிழந்தவர்களும் உண்டு.

புற்றுநோயைப் பற்றிய கேள்வி மிகவும் பொறுமையோடு நோக்க வேண்டியது. சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தது 1880-களில். டாலும் ஹில்லும் எழுதியது 1950-இல். 1951-இல் பிரிட்டிஷ் வைத்தியர்களைக் கொண்டு அவர்கள் தொடங்கிய நெடிய ஆராய்ச்சி, புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார் என்ற முடிவை முழுமையாக வெளியிட்டது 2004-இல். புகையினால் வரும் புற்றுநோய் இருபது முப்பது ஆண்டு உள்ளே ஒளிந்திருந்து வெளிப்படுவது. மின் சிகரெட் பரவலாகிப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. இப்போது தீங்கு கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்வோர், இன்னும் விளையாத பயிரைப் பார்த்து மகசூலைச் சொல்கிறவர்கள் ஆவார்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தது

ஒரு தேசத்தின் பிள்ளைகள் எவ்வளவு விரைவில் இதன் வசப்பட முடியும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. முந்திய முப்பது நாளில் ஒரு தடவையேனும் மின் சிகரெட் இழுத்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், 2011-இல் 1.5 சதவிகிதம், 2017-இல் 11.7, 2018-இல் 20.8, 2019-இல் 27.5. நான்கு பேரில் ஒருவருக்கு மேல் என்று பொருள். 2018 டிசம்பரில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ் இதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தார். அதே மாதத்தில், மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி, ஜூலின் 35 சதவிகிதப் பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. சிகரெட்டை ஒழிக்க வந்த கருவி என்று கொண்டாடப்பட்டதை, சிகரெட் வியாபாரியே பெருவிலை கொடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டான்.

அடைப்பு ஓரிடத்தில் போட்டால் வெள்ளம் வேறிடத்தில் உடைத்துக்கொண்டது. 2020 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம், சிமிழ் மாற்றும் கருவிகளில் பழ வாசனைகளைத் தடைசெய்தது. உபயோகித்து எறியும் கருவிகளை அத்தடையில் சேர்க்கவில்லை. மின் சிகரெட் இழுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவரில் எறியும் கருவியைக் கையாண்டோர் 2019-இல் 2.4 சதவிகிதமாக இருந்து, ஒரே ஆண்டில் 26.5 சதவிகிதமாக உயர்ந்தார்கள். பிள்ளைகளை இழுத்தது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுவதில்லை. பின்னர், இளைஞரைக் குறிவைத்து விற்றது என்ற வழக்குகளில் ஜூல் கம்பெனி 2022-இல் முப்பதுக்கு மேற்பட்ட மாகாணங்களுக்கு ஏறக்குறைய 44 கோடி டாலரும், 2023-இல் வேறு ஆறு மாகாணங்களுக்கும் தலைநகருக்கும் 46 கோடி டாலரும் செலுத்த உடன்பட்டது. சட்டமும் பிரசாரமும் ஆசிரியர்களின் முயற்சியும் சேர்ந்து, 2024-இல் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே இப்பழக்கம் 7.8 சதவிகிதமாகக் குறைந்தது. ஏறியதை இறக்க முடியும் என்பதும் இந்தக் கதையில் அடங்கியிருக்கும் ஓர் ஆறுதல்.

மறுதரப்பு வாதம்

இங்கிலாந்தின் வாதத்தை அலட்சியம் செய்வது நேர்மையாகாது. 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனம், மின் சிகரெட் சாதாரண சிகரெட்டைவிட 95 சதவிகிதம் தீங்கு குறைந்தது என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. மறு ஆண்டில் லண்டனின் ராயல் வைத்தியர் கல்லூரியும் அக்கருத்தை ஆதரித்தது. அந்த 95 என்ற எண், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் அளந்து பெற்றதன்று. நிபுணர் சிலர் கூடிச் செய்த மதிப்பீடு. அதனால் அது கடுமையான கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. ஆயினும், எரிக்காத பொருள் எரித்த பொருளைவிடக் குறைந்த நஞ்சுடையது என்பதை அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2018-இல் வெளியிட்ட விரிவான அறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. சிகரெட்டை அறவே விட்டு இதற்கு மாறியவருக்கு நச்சுப்பொருள்களின் சேர்க்கை குறைகிறது என்பதே அதன் முடிவு. அதே அறிக்கை, மின் சிகரெட்டைத் தொட்ட இளைஞர் பின்னர்ச் சிகரெட்டையும் தொடும் அபாயம் அதிகம் என்று வலுவான ஆதாரங்களோடு கூறுகிறது.

இவ்விஷயத்தில் மிகுதியும் எடுத்துக்காட்டப்படும் பரிசோதனை, 2019-இல் வெளியான ஆங்கில நாட்டு ஆராய்ச்சி. புகைப்பழக்கத்தை விட விரும்பிய 886 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மின் சிகரெட்டும், மற்றவர்களுக்கு நிகோடின் ஒட்டு, மெல்லும் பசை முதலிய மருந்துகளும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் பிரிவில் 18 சதவிகிதம். இரண்டாம் பிரிவில் 9.9 சதவிகிதம். கருவிக்கு இது வெற்றியே. ஆனால் அவ்வாறு விட்டவர்களில், முதல் பிரிவினரில் 80 சதவிகிதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் மின் சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பிரிவினரில் தம் மருந்தை விடாதவர் 9 சதவிகிதமே. சிகரெட் போயிற்று, நிகோடினின் பிடி போகவில்லை. நெடுநாள் புகைத்த முதியவருக்கு இது லாபமான பரிமாற்றமாக இருக்கலாம். இழக்கத்தக்க பழக்கம் எதுவுமே இல்லாத சிறுவனுக்கோ, இந்தப் பரிமாற்றத்தில் நஷ்டம் ஒன்றே மிச்சம். சிகரெட்டையும் விடாமல் இதையும் சேர்த்துக்கொண்டு இரண்டையும் இழுப்போருக்கு, அந்த லாபமும் கிட்டுவதில்லை.

இங்கிலாந்தும் தன் பிள்ளைகளை முன்னிட்டுத் தன் கொள்கையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. 2021-இல் அங்கே 11 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளில் 9 சதவிகிதமும், 15 வயதினரில் 18 சதவிகிதமும் மின் சிகரெட் இழுப்பதாக அரசாங்கக் கணக்கெடுப்பு காட்டியது. 2025 ஜூன் 1 முதல் எறியும் கருவிகளின் விற்பனையை அந்நாடு தடைசெய்துவிட்டது.

தேசங்கள் கண்ட வழிகள்

இந்தியாவில் 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாகவும், அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும், மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் யாவும் தடுக்கப்பட்டன. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகளிடையே பழக்கம் வேரூன்றுவதற்கு முன்பே கதவை அடைத்தது முன்யோசனை என்றே சொல்ல வேண்டும். எனினும், 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 28.6 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 27 கோடிப் பேர், பீடியாகவோ சிகரெட்டாகவோ மெல்லும் பொருளாகவோ புகையிலையைப் பயன்படுத்துபவர்கள். புதிய விஷத்தைத் தடுத்த கை, தெருமுனைதோறும் விற்கும் பழைய விஷத்தின்மேலும் அதே உறுதியோடு விழுந்தால்தான் அந்தச் சட்டத்தின் தர்மம் நிறைவுறும்.

தமிழர் வாழும் வேறு நாடுகளின் அனுபவமும் கருதத்தக்கது. சிங்கப்பூர் 2018 பிப்ரவரி முதல் மின் சிகரெட்டை வாங்குவதையும் வைத்திருப்பதையும் இழுப்பதையும் குற்றமாக்கியது. அப்படியும் கள்ளத்தனமாக உள்நுழைந்த சிமிழ்களில், அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்குவதற்குப் பயன்படும் எட்டோமிடேட் என்ற மருந்து கலந்திருப்பது தெரியவந்தது. 2025 செப்டம்பர் முதல் அம்மருந்து போதைப் பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. நிகோடினுக்கென்று வந்த கருவி, எந்த மயக்கப் பொருளையும் ஏற்றிச்செல்லும் வாகனமாகிவிட்டது. மலேசியாவில் இதற்கு மாறாக ஒரு தவறு நேர்ந்தது. வரி விதிக்கும் பொருட்டு 2023 மார்ச்சு இறுதியில் நிகோடின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒன்றரை ஆண்டு, பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கும் தேசியச் சட்டம் அங்கே இல்லாமல் போயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் மின் சிகரெட் இழுக்கிறார்கள். அவர்களுள் குறைந்தது ஒன்றரைக் கோடிப் பேர் 13 முதல் 15 வயதுள்ள பிள்ளைகள்.

மீளும் வழி

ஏற்கெனவே வசப்பட்டவருக்கு மீட்சி உண்டு என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நிகோடினை நிறுத்தியபின் தோன்றும் வேதனை, முதல் இரண்டு மூன்று நாளில் உச்சம் அடைந்து, சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பெருகிய ஏற்பிகளும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுள்ள 2,588 பேரைக் கொண்டு செய்த பரிசோதனையில், கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாக ஊக்கமும் யோசனையும் பெற்றவர்களில் 24.1 சதவிகிதம் பேர் ஏழு மாதம் கழித்து விட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 18.6 சதவிகிதம். 16 முதல் 25 வயதுள்ளோருக்கு வரெனிக்ளின் என்ற மாத்திரையைக் கொடுத்து நடத்தி, 2025-இல் வெளியான பரிசோதனையில், சிகிச்சையின் இறுதி வாரங்களில் பழக்கத்தை நிறுத்தியிருந்தோர் 51 சதவிகிதம். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 14 சதவிகிதமே. இத்தகைய மருந்துகளை வைத்தியரின் யோசனையோடுதான் உட்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோருக்குத் தொலைபேசி வழியே ஆலோசனை கிடைக்கிறது.

பெற்றோரும் ஆசிரியரும் இவ்விடத்தில் விவேகத்தோடு நடந்துகொள்ள வேண்டும். கருவியோடு பிடிபட்ட மாணவனைப் பள்ளியை விட்டு விலக்குவதனால் அவன் மூளையில் பெருகிய ஏற்பிகள் குறைந்துவிடப் போவதில்லை. வெட்கமும் தனிமையும் அவனை அக்கருவியிடமே மீண்டும் கொண்டுசேர்க்கும். அவன் செய்தது குற்றமாகத் தோன்றினாலும், அவனுக்கு நேர்ந்தது ஒரு வியாதி. காரணமின்றி எரிந்து விழுவது, படிப்பில் கவனம் சிதறுவது, அடிக்கடி கழிவறைக்குப் போவது, அறையில் இனம் தெரியாத பழவாசனை வீசுவது ஆகியவற்றைக் கண்டால், அதட்டுவதற்கு முன்பு உட்கார்ந்து கேட்பதே பயன் தரும். மிகைப்படுத்திய பயமுறுத்தலும் வேண்டா. ஒரு பொய்யைக் கண்டுபிடித்த பிள்ளை, அதன்பின் சொல்லும் பத்து உண்மைகளையும் நம்பமாட்டான். உண்மையே போதுமான அளவுக்குக் கடுமையாக இருக்கிறது.

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவு இது. புகைத்துப் பழகியவருக்குத் துணைசெய்யும் கருவி என்ற முறையில் மின் சிகரெட்டுக்கு ஓர் இடம் உண்டா என்பதை அந்தந்த நாட்டு வைத்தியர்கள் விவாதித்து நிர்ணயிக்கட்டும். அது நோயாளியையும் சிகிச்சையையும் பற்றிய விவாதம். பழவாசனை ஊட்டி, எரிச்சலை நீக்கி, வண்ணப்பெட்டியில் வைத்துப் பிள்ளைகள் கையில் சேரும்படி நிகோடினை விற்பதற்கு எந்த நாட்டிலும் எந்த நியாயமும் இல்லை. சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற சொல், சிகரெட்டுப் பிடிப்பவரிடம் மட்டுமே சொல்லத்தக்கது. புகைத்தறியாத இளைஞரிடம் அரசாங்கமும், பள்ளியும், வீடும் ஒரே குரலில் சொல்லவேண்டியது வேறு: உன் நுரையீரல் காற்றைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை, நீ கேளாத ஒன்றை உன் தேவையாக்கிவிட்டு, அதற்கு வாழ்நாள் முழுவதும் உன்னிடமே விலை வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள், தொடங்காமல் இருப்பது ஒன்றே அவர்களிடமிருந்து உன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளும் மிக எளிய வழி.